ஐம்பத்தைந்து பாகம்

ஜுவைரியா காலால் ஓடுவாள்.
நான் பெருவிரலால்.

வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போகிற மண்சாலையில்
சுபுஹு முடிந்து முதல் லாரி வருவதற்குள்
எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம்.
இந்தப் பக்கம் பாத்தி, அந்தப் பக்கம் பாத்தி.
வளையத் தெரியாத சாலை ஊரில் இது ஒன்றுதான்.

நூறு மீட்டரை அளந்து தந்தது அவளுடைய அசன்கனி காக்கா.
வலைக்கயிற்றை இரு கையும் விரித்துப் பிடித்து,
ஆறடி ஒரு பாகம், ஐம்பத்தைந்து பாகம்,
நூறு போக ரெண்டு சாண் மிச்சம்,
மிச்சத்தை நீங்களே வச்சுக்கங்க என்றார்.
முடிவில் ஒரு கருவேலங்குச்சி. அதில் நீலக் கயிறு.

மீன்பெட்டியில் ஈர மணல் நிரப்பி
இடுப்பில் கட்டி இருபது மீட்டர் இழுப்பாள்.
அவிழ்த்ததும், யாரோ பிடித்திருந்த கையை விட்டதுபோல்
குனிந்த தலையோடு பாய்வாள்.
அந்த முதல் நாலு எட்டு எனக்குப் பிடிக்கும்.
கடைசி இருபது பிடிக்காது.
தோள் காது வரை ஏறும், பல்லைக் கடிப்பாள்.
தாடைய விடுடீ என்று கத்துவேன்.
தாடையை விட்டால் கால் வேகமாகும் என்பதை
யாரும் நம்புவதில்லை. தாடையும் நம்புவதில்லை.

ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஐந்து நிமிடம் உட்கார வேண்டும்.
உப்பு வாரப் போகிற பெண்கள்
"ஓட வந்துட்டு ஒக்காந்தே இருக்குதுக" என்று
சைக்கிளை மிதித்துக்கொண்டே சிரிப்பார்கள்.
உட்காருவதும் பயிற்சிதான்.
அதில் நான் கெட்டிக்காரி.

கச்சான் முதுகைத் தள்ளினால் அந்த நேரத்தை எழுத மாட்டோம்.
எதிர்க்காற்றில் வந்ததையும் எழுத விடமாட்டாள்,
அது வேறு காரணம்.
காற்று செத்த காலைகள் மட்டும்
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்:
12.9
12.8
12.8
12.6

அந்தக் கடைசி எண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் சுண்ணாம்புக் கோடு,
மூன்று நடுவர், மூன்று கடிகாரம்.
எண்பதாவது மீட்டரில் அவள் இரண்டாவது.
தொண்ணூறிலும் இரண்டாவது.
பிறகு, கோடு வருவதற்கு முன்பே,
ஒன்றுமில்லாத இடத்தில் நெஞ்சை முன்னே எறிந்தாள்.
எறிந்த நெஞ்சுக்குப் பின்னால் கால் தடுமாறியது.
இரண்டு பேர் தாண்டிப் போனார்கள்.
13.1.

பேருந்தில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பெருவிரலைப் பார்த்தாள்.
சிக்கல் வரை பார்த்தாள்.
நான் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

கொத்தனார் பீர்முகம்மதிடம் டேப்பை இரவல் வாங்கினோம்.
மூன்று முறை அளந்தோம்.
மூன்றாவது முறை அவளே மண்டி போட்டு,
கன்னம் மண்ணில் படப் படித்தாள்:
தொண்ணூற்றாறு மீட்டர் நாற்பது.

காக்காவின் பாகம் ஆறடிக்கு மூன்று அங்குலம் குறை.
மூன்று அங்குலம் ஐம்பத்தைந்து தடவை.
எட்டு மாதமாக அவள் உடம்பு
அந்தக் குச்சியை மனப்பாடம் செய்திருக்கிறது.
ராமநாதபுரத்திலும் நீலக் கயிறு அதே இடத்தில்
அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

குச்சியைப் பிடுங்கினாள்.
மூன்று எட்டு வைத்தாள், ஒரு அரை எட்டு.
கல்லால் அடித்து இறக்கினாள்.
நோட்டை வாங்கி எல்லா எண்ணையும்
குறுக்கே ஒரே கோட்டில் அடித்தாள்.

அந்த 12.6 நான் போட்டது.
முந்தின நாள் காய்ச்சலில் கிடந்தவள்,
அழுதுகொண்டே தொடக்கக் கட்டையில் கால் வைத்தவள்.
குச்சிக்கு ஒரு எட்டு முன்பே
என் விரல் அமுங்கிவிட்டது.
இப்போது அதுவும் மற்றவற்றோடு அடிபட்டுக் கிடந்தது,
காக்காவின் கை நீளத்துக்குள் ஒளிந்துகொண்டு.
சொல்ல வாயெடுத்தேன். லாரி வந்தது.

மறுநாள் காற்றில்லை.
நீலக் கயிறு அவள் நெஞ்சில் படும்வரை காத்திருந்து
அமுக்கினேன்.
13.3.
இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க,
"போடு" என்றாள்.
போட்டேன்.
ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம்.